சரித்து வைத்த படம்

ஆற்று அணைக்கட்டைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்த இஸ்ஸதீன், போட்டிக்கு அனுப்புமுன் கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கூட்டாளி கிறிஸ்ரோபருக்குக் காட்டினார்.

"மச்சான், தண்ணி வலப்பக்கம் சரிஞ்சு கிடக்கு. நேராக்கன்டா."

இஸ்ஸதீன் விரலால் படத்தைக் கொஞ்சம் திருப்பி நேராக்கினார். அன்று பின்னேரமே அணைக்கட்டின் வறண்டு கிடந்த இடப்பக்க வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அதன் கடைசியில்தான் இஸ்ஸதீனின் வயல், கதிர் தள்ளும் நேரத்தில் கருகிக்கொண்டிருந்தது. ஆனால் பாதி வயலோடு தண்ணீர் நின்றுவிட்டது.

இஸ்ஸதீன் மறுபடி ஸ்டூடியோவுக்குப் போனார்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் சரிச்சா என்ன?"

"விசரா, படம் கெட்டுப்போகும். பரிசும் போகும்."

"படம் கெட்டாக் கெடட்டும். வெள்ளாமை பிழைக்கோணும்."

இஸ்ஸதீன் நன்றாகவே சரித்தார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் போய்ப் பார்த்தால் வயல் முழுக்கத் தண்ணீர் தளும்பியது.

அந்தச் சந்தோசத்தில் கிறிஸ்ரோபரைக் கடற்கரைக் கடைக்குக் கூட்டிப்போனார். கோப்பைகளில் தேத்தண்ணீர் ஒரு பக்கம் உயர்ந்து நின்றது. யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. உயர்ந்த பக்கத்தில் வாயை வைத்துக் குடித்தார்கள். வெளியே கடலும் அப்படித்தான் நின்றது. கடலின் மேட்டிலிருந்து தோணிகள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக மெல்லச் சறுக்கிக் கரைக்கு வந்துகொண்டிருந்தன.