வியாழக்கிழமை நோயாளி

ஓய்வுபெற்ற டாக்டர் வெங்கடேஸ்வரனுக்கு முதலில் அந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. கடலோர விழிஞ்ஞத்துக் கிளினிக்கில் ஒரு கண்ணாடி அறைக்குள் நோயாளி உட்கார்ந்திருக்க, திருவனந்தபுரம் கோட்டைக்குள் தன் வீட்டிலிருந்து திரையைப் பார்த்து வைத்தியம் சொல்வதாவது!

நயினார் வந்த பிறகுதான் மனம் மாறியது. திருநெல்வேலிப் பக்கத்துக் கொத்தனார். வியாழன்தோறும் வருவார். ஒரு வாரம் முதுகுவலி, மறு வாரம் தலைசுற்றல். நோய் ஒன்றுமில்லை என்பது டாக்டருக்குத் தெரியும். பிழைக்க வந்த ஊரில் பேச ஆளில்லாமல் வருகிறார், பாவம் என்று தன் பழைய கதைகளைச் சொல்லி அரைமணி நேரம் பேச்சுக் கொடுப்பார்.

இந்த வியாழன் நயினார் வரவில்லை. திரையில் நர்ஸ் அனுஷா மட்டும் இருந்தாள்.

"அவருக்கு என்னாச்சும்மா? தனி மனுஷன். கஞ்சி வெச்சுக் குடுக்கக்கூட ஆளில்லையே!"

"யாருக்கு சாரே? அவருக்கு வீடு நிறைய ஆளாக்கும். பொண்டாட்டி, மூணு பிள்ளைங்க, மாமியார். இன்னைக்கு மூத்த மகளுக்குக் கல்யாண நிச்சயம்."

"அப்போ வாராவாரம் எதுக்கு வந்தார்?"

அனுஷா தயங்கினாள். "முதல் நாள் காய்ச்சலுக்கு வந்தப்போ, 'இன்னும் கொஞ்ச நேரம் இருங்கோ'ன்னு நீங்க சொன்னீங்களாம். பாவம், டாக்டருக்குப் பேச ஆளில்லன்னு அன்னைக்கே எங்கிட்ட சொன்னாரு."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வீடு நிசப்தமாக இருந்தது.

"இன்னைக்கு வரமுடியாதுன்னு பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பியிருக்காரு. இவருக்கும் ஒரு நோவும் இல்ல. உள்ள விடட்டா, சாரே?"

டாக்டர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வரச் சொல்லும்மா."