நூல் கடிக்கும் பல்

நவோத்தாஸ் மீன்துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள பல் மருத்துவமனையில், என் மனைவி ரொசெந்தா சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடக்கிறாள். விளக்கு வெளிச்சம் அவளுடைய மூன்று முன்பற்கள் இருந்த இடத்தில் விழுகிறது. படகு விளிம்பில் உட்கார்ந்து வலை கட்டுகிறவள் அவள். நைலான் நூலைப் பல்லாலேயே அறுத்து அறுத்து அவற்றைத் தேய்த்துத் தீர்த்துவிட்டாள். ஐஸ் கட்டி தூக்கி மரத்துப்போன கைகளில் அவள் செருப்பை வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கிறேன். டாக்டர் கிளாரிஸ் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள்.

“தாடை எலும்பு கெட்டியா இருக்கும்மா. திருகு வச்சுப் பல் கட்டலாம். ஆனா அதால நூல் கடிக்கக் கூடாது. பல்லும் உடையும், திருகும் ஆட்டங்கண்டுரும். கத்தரி வச்சுக்குங்க.”

“கத்தரி கடல்ல விழுந்துரும் டாக்டரம்மா. பல்லு விழுமா?”

“விழுந்துதானே இங்க வந்திருக்கீங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ரொசெந்தா என்னை முறைக்கிறாள். “நம்ம பையன் கப்பல் வேலையிலேருந்து ஆசையா அனுப்பின காசு. கத்தரியைக் கழுத்துல கட்டிக்கோயேன்,” என்கிறேன்.

“வலையில சிக்கி நான் கடலுக்குள்ள போகவா? கடிக்காத பல்லுக்கு என் வாயில இடமில்ல. கழட்டி மாட்டுற செட்டு குடுங்க டாக்டரம்மா. கோயிலுக்குப் போட்டுக்கறேன்.”

“கடிச்சுக்கிட்டே இருந்தா மிச்சப் பல்லும் போயிரும்மா.”

“போறவரைக்கும் என் பல்லு.”

எழுந்து செருப்பை மாட்டுகிறாள். டாக்டரின் வெள்ளைக் கோட்டுப் பொத்தானில் ஒரு நூல் தொங்குகிறது. டாக்டரின் கை கத்தரிக்குப் போவதற்குள் ரொசெந்தா குனிந்து, கடைவாய்ப் பக்கம் கொடுத்து, நறுக்கென்று கடித்து, நூலைத் தொட்டியில் துப்புகிறாள்.