தைலம்மாள் தொண்டையில் முள்

"இதோ நிக்கிறாளே, இவதான் டாக்டர் எனக்கு முள்ளை ஊட்டுனவ!"

சிதம்பரத்துத் தொண்டை டாக்டர் அறைக்குள் நுழைந்ததுமே தைலம்மாள் மருமகள் சுவேதாவைக் கைகாட்டினாள். இன்னும் உட்காரக்கூட இல்லை.

"சுறா கிடைக்கலைன்னு வேற எதோ மீனுல புட்டு வச்சா. முள்ளைப் பொறுக்கத் துப்பில்லை! மாசக்கணக்கா எச்சில் முழுங்க முடியலை, கழுத்தைத் திருப்ப முடியலை, காதெல்லாம் குத்துது. வெறுஞ்சோத்தை உருட்டி முழுங்கியாச்சு, வாழைப்பழம் முழுங்கியாச்சு. அசைய மாட்டேங்குது!"

டாக்டர் சுவேதாவைப் பார்த்தார்.

"ஆமா டாக்டர், என் தப்புதான்" என்றாள் அவள், தலைகுனிந்தபடி.

கேட்டீர்களா, வாயாலேயே ஒத்துக்கொள்கிறாள்! தைலம்மாளுக்கு அதில் ஒரு திருப்தி. அவர்கள் ஊரான கிள்ளையில் இந்தக் கதை தெரியாத வீடு கிடையாது. சர்ச்சில் எழுந்து நின்று, "என் மருமக குடுத்த முள்ளு வெளிய வர ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டவளாயிற்றே. அதற்கப்புறம் சர்ச் விருந்தில் சுவேதாவைச் சமையல் பக்கமே யாரும் அண்டவிடவில்லை.

டாக்டர் கையுறை மாட்டி, வாய்க்குள் விரலை விட்டு, உள்நாக்குக்குப் பக்கத்தில் அழுத்தினார்.

"ஐயோ ஏசப்பா!" தைலம்மாள் துள்ளிவிட்டாள்.

உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் மகன் அன்பரசுவையும் கிட்டே கூப்பிட்டார்.

"இது மீன் முள்ளே இல்லைம்மா. உங்க எலும்பு."

"என்னது?"

"காதுக்குக் கீழே எல்லாருக்கும் குச்சி மாதிரி சின்னதா ஒரு எலும்பு உண்டு. உங்களுக்கு அது நீளமா வளர்ந்து தொண்டையைக் குத்துது. ரொம்ப அபூர்வம். ஆபரேஷன்ல எடுத்துடலாம். பக்கத்துலயே மூளைக்குப் போற ரத்தக்குழாய் இருக்கு. நல்லவேளை, விடாம தேடி வந்தீங்க."

தைலம்மாள் தொண்டையைத் தடவிக்கொண்டாள். "அப்ப... அந்த முள்ளு?"

"அப்படி ஒண்ணு இல்லவே இல்லைம்மா."

வராந்தாவுக்கு வந்ததும் அன்பரசு பொண்டாட்டி மேல் பாய்ந்தான். "புட்டுல முள்ளு கிடந்துச்சு, பாதியை நானே எடுத்தேன், மீதி அத்தை தொண்டையிலதான் இருக்குன்னு பைபிளைத் தொட்டுச் சொன்னியே! எதுக்குடி அப்படி ஒரு பொய்?"

"முன்னாடி பாத்தோமே, அந்தக் கடலூர் டாக்டர் நம்மளைத் தனியாக் கூப்பிட்டு என்ன சொன்னாரு? முள்ளும் இல்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் மனப்பிரமை, அலையாதீங்கன்னாரு. நீங்களும் 'அம்மா நடிக்குது, இனிமே ஒரு ஆஸ்பத்திரியும் கிடையாது'ன்னுட்டீங்க."

தைலம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடிக்கிறாளாமா? பெற்ற மகனா இதைச் சொன்னான்? அவனைப் பார்த்தாள். அவன் அவசரமாக ஸ்கேன் படத்தைக் கவருக்குள் திணித்தான்.

சுவேதா விடவில்லை.

"அவுங்க சோறு முழுங்க முடியாம அழுததைப் பக்கத்துல இருந்து பாத்தவ நான். அந்த வலியை நம்புறதுக்கு உங்களுக்கு ஒரு முள்ளு தேவைப்பட்டுச்சு. அதான் நானே ஒண்ணைப் போட்டேன்."