ஒரே காய்ப் பிள்ளைகள்

பல் டாக்டர் தங்கையிடம் “ஆ காட்டுங்க” என்று சொன்ன அதே நேரத்தில், அண்ணன் அவள் வீட்டுப் பின்கதவை மாற்றுச்சாவி போட்டுத் திறந்துகொண்டிருந்தார். கையில் ஒரு பூந்தொட்டி. பார்த்தவர்கள், தங்கைக்குப் பரிசு கொண்டுவந்திருக்கிறார், என்ன பாசம் என்று நினைத்திருப்பார்கள்.

முப்பது வருடம் டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரியாக இருந்தவர். சக்கரம் கோட்டை உரசினாலே பெயில் போடுவார் என்பதால் ‘எமன்’ என்று பட்டப்பெயர். அந்த எமனே இப்போது செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பூனைநடை போட்டு உள்ளே நுழைந்தார்.

எல்லாம் ஓர் ஆர்க்கிட் செடியால் வந்த வினை. நாலைந்து வருடத்துக்கு முன் அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஒரு வெள்ளைப்பூச் செடிக்கும் ஊதாப்பூச் செடிக்கும் மகரந்தம் மாற்றி முடிச்சுப் போட்டார்கள். காய்த்தது ஒரே காய். அதன் விதைகளை ஆய்வுக்கூடத்தில் கொடுத்து முளைக்கவைத்து, நாற்றுகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

கூடப்பிறந்ததுகள் என்றுதான் பேர், ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று அம்மா ஜாடை, ஒன்று அப்பா ஜாடை, ஒன்று பக்கத்து வீட்டுக்காரர் ஜாடை. கண்காட்சியில் வைக்க ஒன்றுகூடத் தேறவில்லை. பூக்காமல் மிச்சமிருந்தது ஆளுக்கு ஒரு செடி.

தண்ணீர் ஊற்றும் பொறுப்பைத் தங்கையிடம் விட்டுவிட்டு, அண்ணன் வெளியூரில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தார். கிளம்பும்போது நகக்கண் அளவு எட்டிப் பார்த்த பூந்தண்டில், இப்போது நோஞ்சானாக நாலு மொட்டு. தங்கை செடியிலோ கொழுகொழுவென்று ஒன்பது!

வயிறு எரிந்தது. இலையும் ஒரே மாதிரி, தொட்டியும் ஒரே கடைத் தொட்டி. கொண்டுபோனதை வைத்தார், இருந்ததைத் தூக்கினார், நடையைக் கட்டினார். கேட்டால் மொட்டு உதிர்ந்திருக்கும் என்று சாதித்துவிடலாம்.

தங்கை கேட்கவே இல்லை. மறுநாள் வீட்டுக்கு வந்தாள், ஒன்பது மொட்டையும் உற்றுப் பார்த்தாள், காபி குடித்துவிட்டுப் போய்விட்டாள். அவருக்குத்தான் தேள் கொட்டிய திருடன் கதை.

கண்காட்சியில் ஒன்பதும் விரிந்து நின்றன. வெள்ளை இதழில் ஊதா நரம்பு, நடுவே அரக்குச் சிவப்பு. நடுவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முதல் பரிசு எமனுக்கு. சாயம் போன நாலு பூவோடு மூலையில் நின்ற தங்கை, கை வலிக்கத் தட்டினாள்.

அந்தக் கைதட்டல்தான் அவரை அடித்துப்போட்டது. கோப்பையோடு அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

“இந்தாம்மா, இது உனக்குச் சேர வேண்டியது. நீ பல்லு புடுங்கப் போனப்ப உன் செடிய நான் மாத்திட்டேன். உங்கண்ணன் ஒரு திருடன்மா.” குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

தங்கை அக்கம்பக்கம் பார்த்தாள். கோப்பையை அவர் கையிலேயே திருப்பி அழுத்தினாள்.

“கத்தாதண்ணா... நீ ஊர்ல இல்லாதப்ப உன் வீட்லேருந்து அத முதல்ல திருடுனதே நான்தான்.”