அம்மா வந்துபோகும் சூப்

“அப்பா, அம்மா வந்துட்டுப் போயிருக்காங்க!”

மகள் கையில் கரண்டியோடு அடுப்பின் முன் நின்றிருந்தாள். பானையின் மூடி ஒரு விரற்கடை விலகியிருந்தது. அம்மா இறந்து வருஷம் ஒன்றாகப் போகிறது.

சாப்பாட்டு மேசையில் தண்ணீர்த் தம்ளரோடு உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்தார். “பேயா இருந்தாலும் செருப்பை வாசல்ல விட்டுட்டு வரச் சொல்லு. இப்பத்தான் வீட்டைக் கூட்டினேன்.”

“விளையாடாதீங்கப்பா. குளிக்கப் போறதுக்கு முன்னாடி ருசி பார்த்தேன், வெறும் பருப்புத் தண்ணி. இப்போ அப்படியே அம்மா வச்ச சூப்!” அவள் கை மயிர் சிலிர்த்திருந்தது.

காஸ்ட்ரானமி என்கிற உணவியலில் அவள் முதுகலை இறுதியாண்டு. ‘அப்போ வயித்து வலிக்கு மருந்து எழுதுவியா?’ என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. ஒருவரின் கைமணத்தை அளந்து மறுபடி உருவாக்க முடியுமா என்பதுதான் ஆய்வு. அதற்கு எடுத்துக்கொண்டது அம்மாவின் பருப்பு சூப்.

அம்மா சமைத்த வீடியோ போனில் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே ஒவ்வொரு சிட்டிகையையும் கிராமாக மாற்றியிருந்தாள். ஆனால் கல்லூரி ஆய்வகத்தில் எண் ஒட்டி நீட்டிய கிண்ணங்களையெல்லாம் ருசித்துவிட்டு அண்ணன் உதட்டைப் பிதுக்கினான். “நல்லாத்தான் இருக்கு. எதுலயும் அம்மா இல்ல.”

வீட்டில் வைத்தால் மட்டும், அவள் கொஞ்சம் அந்தப் பக்கம் போய்வருவதற்குள் அம்மா பானைக்குள் வந்துவிடுகிறாள்.

பேராசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். “ஆய்வகத்துல அதே ருசி வரணும். இல்லேன்னா இந்த வருஷம் பட்டம் இல்ல. ஆவியையெல்லாம் அடிக்குறிப்புல போட முடியாதும்மா.”

மறுநாள் மகள் சூப்பை இறக்கிவைத்துவிட்டு, “குளிக்கப் போறேன்ப்பா!” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். மேசை மேல் நிறைந்த ஜாடி இருக்க, அப்பா தண்ணீர் குடிக்க எழுந்தார். சாப்பாட்டுக்கு முன் சமையலறைக்கே போய்க் குடிப்பது அவருடைய பழைய வழக்கம். ‘ஜாடியை என்ன அழகுக்கா வச்சிருக்கேன்?’ என்று அம்மா தினமும் திட்டுவாள்.

மகள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பூனை நடை நடந்து பின்கட்டு வழியாக வந்து, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள். பயம்தான். ஆனால் வந்தால் அம்மாவிடம் கேட்க ஆயிரம் இருந்தது.

சுவரில் அம்மா படத்தின் கண்ணாடி மேல் லேசாக ஆவி படிந்தது. பானை மூடி ‘டிங்’கென்றது.

“அம்மா...” எட்டிப் பார்த்தாள்.

அப்பா. ஒரு கையில் மூடி, மறு கையில் சட்டைப் பையிலிருந்து எடுத்த சின்ன டப்பா. கண்ணை மூடி மோந்து பார்த்தார். ஒரு சிட்டிகை போட்டார். யோசித்து இன்னொரு சிட்டிகை.

“அப்பா! நீங்களா?”

மூடி கைதவறி விழுந்து உருண்டது. “பழக்கதோஷம்மா. பானையைப் பார்த்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

“அப்போ... இத்தனை வருஷமா அம்மாவோட சூப்பு, குழம்பு, எல்லாம்?”

அப்பா பதறிப்போய் அம்மாவின் படத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். மகளைக் கூடத்துக்கு இழுத்துவந்து காதோரம் குனிந்தார்.

“மெதுவாப் பேசும்மா, தனக்குச் சமைக்க வராதுன்னு அவளுக்கு இன்னும் தெரியாது.”