பந்தை உருட்டிவிட்டவள்

“யாராவது பந்தை உருட்டிவிடுங்களேன்!” என்றாள் ஹிலரி, மூன்றாவது தடவையாக.

ஒரு காரியத்தை முதலில் தொடங்கி வைப்பதை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சொல்வதோடு சரி.

தேவாலயக் கூடத்து மேஜையில் ஒன்பது கேக். சுற்றி நாற்பது பேர். “நீங்க முதல்ல”, “ஐயோ, நீங்க முதல்ல” என்று உபசரித்து உபசரித்தே தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. முதல் துண்டை எடுப்பவள் ஆசை பிடித்தவள். கடைசித் துண்டை எடுப்பவள் அதற்கும் மேல். மாதர் சங்கச் செயலாளர் ஹிலரிக்கு இந்தச் சட்டம் தலைகீழ்ப் பாடம்.

மேஜை ஓரத்தில் நடு அமுங்கிப்போன ஒரு எலுமிச்சை கேக். போன வாரம் குடிவந்த ஜெம்மா செய்தது. தேநீர் ஊற்றுகிற சாக்கில், யாராவது அதைத் தொடுகிறார்களா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள் பாவம்.

அப்போதுதான் சங்கத்தின் இன்னொரு உறுப்பினர் பெரில் நுழைந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய் அந்த அமுங்கிய கேக்கில் பெரிதாக ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். ஒரு கணம் கண்ணை மூடினாள்.

“அடடா! பிரமாதம் கண்ணு!”

ஜெம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

அடைப்பு எடுத்த மாதிரி கூட்டம் மேஜை மேல் பாய்ந்தது. பெரில் மட்டும் அந்தத் தட்டை விட்டு நகரவில்லை. பாதிரியார் கை நீட்டியபோது, “உங்களுக்கு சாக்லேட்தானே பிடிக்கும்? அந்தப் பக்கம் போங்க” என்று விரட்டினாள். இன்னொரு துண்டு தின்றாள். அதோடு விட்டாளா? இன்னும் சில துண்டுகளைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றிச் சுற்றிக் கோட்டுப் பைக்குள் தள்ளினாள்!

“எத்தனை நாள் பட்டினியோ!” என்று ஹிலரி எல்லோர் காதிலும் விழும்படி முணுமுணுத்தாள்.

பெரில் சமையலறைக்குள் போனதும் ஹிலரியும் பின்னாலேயே போனாள். அங்கே பெரில் குழாயடியில் நின்று மடக் மடக்கென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“வெட்கமா இல்ல உனக்கு? புதுசா வந்த பொண்ணு செஞ்சது. ஒருத்தரையும் தொட விடாம பையில திணிக்கிறியே!”

“கத்தாதடி. சர்க்கரைன்னு நினைச்சு உப்பைக் கொட்டியிருக்கா. கடல்ல முக்கி எடுத்த மாதிரி இருக்கு.”

“அவகிட்ட சொல்லித் தொலைக்கிறதுதானே?”

“சங்கத்துக்கு வந்த முதல் நாளே, நாப்பது பேர் முன்னாலயா? ரெண்டு துண்டு வயித்துல, நாலு பையில. இன்னும் ஒண்ணு இருக்கு. என்னால முடியல.”

ஹிலரி எட்டிப் பார்த்தாள். இவ்வளவு பாராட்டு வாங்கிய கேக்கைத் தானும் ருசி பார்க்க, ஜெம்மா அந்தக் கடைசித் துண்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஹிலரி ஓடினாள். கூடமே வாய் பிளந்து பார்க்க, ஜெம்மாவின் விரலுக்கடியிலிருந்து துண்டைப் பறித்து முழுசாக வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

“பிரமாதம் கண்ணு!” என்றாள், கண்ணில் நீர் முட்ட.

“எத்தனை நாள் பட்டினியோ!” என்றது பின்னால் ஒரு குரல்.