பதினோரு திருத்தங்கள்

ஒன்பதாவது திருத்தத்துக்கும் தலைமையாசிரியர் நாராயணப்பன் சுருக்கொப்பம் வைத்தார்.

"இன்னும் எத்தனை இருக்கு பாய்?" என்று அலுப்போடு கேட்டார்.

"ரெண்டு சார்" என்றேன். பள்ளியின் எழுத்தர் நான்.

மேசைக்கு எதிரே ஆயா செல்லி நின்றிருந்தாள். பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆயாவை உட்காரச் சொல்லும் வழக்கம் எங்கள் பள்ளியில் கிடையாது.

அன்று காலையில்தான் பயிற்சி நடந்தது. பிள்ளைகளிடம் யாராவது தவறாக நடந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் புகார் எழுதுவது என்று பெங்களூரிலிருந்து ஓர் அம்மாள் வந்து மூன்று மணி நேரம் பேசினார். முடிவில் "கொத்தாயித்தா?" என்று கன்னடத்தில் கேட்டார். புரிந்ததா என்று அர்த்தம். "ஆயித்து, ஆயித்து" என்றோம் எல்லோரும். பிரியாணி வாசனை வரத் தொடங்கியிருந்தது.

எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார். பள்ளிக்கு ஒரு புகார் புத்தகம் கொடுத்தார். வரிசை எண் அச்சிட்ட தாள்கள். வெள்ளைத் தாள் பள்ளிக்கு. அடியில் கார்பன் வைத்த மஞ்சள் தாள் புகார் சொன்னவருக்கு. ஒரு தாள் குறைந்தாலும் அடுத்த மாதம் வந்து கேட்பாராம்.

கரஸ்பாண்டன்ட் ரத்தினவேல் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டும் அல்லவா?

நான் சாவியைத் தேடுவதற்குள் செல்லி வந்துவிட்டாள். "எளுதுங்க பாய்" என்றாள்.

சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்பது காலைப் பாடம். எழுதிவிட்டேன். எழுதி முடித்துப் படித்த பிறகுதான் யார் மேல் புகார் என்பது எனக்கு உறைத்தது. டிரில் மாஸ்டர் வெங்கடப்பன், கரஸ்பாண்டன்ட்டின் சொந்த மச்சான்.

ஐந்தே நிமிடத்தில் அறையில் நால்வர் ஆனோம்.

"பூனையப் பாத்துட்டுப் புலின்னு எளுத வெச்சிருக்கியே ஆயா" என்றார் கரஸ்பாண்டன்ட். "எங்க குடும்பத்து மானம் என்னாவறது?"

"திங்கக்கெளம அந்தப் புள்ளைக்கு மறுக்கா டிரில் பீரியட் இருக்குதுங்க" என்றாள் செல்லி.

தாளைக் கிழிக்க முடியாது, எண் இருக்கிறது. ஆனால் குறைக்கலாம். நான் ஓசூர் பஜாரில் ஜவுளிக்கடைக்காரர் மகன். நூறு சொன்ன சேலையை நாற்பதுக்கு இறக்குவதைப் பார்த்தே வளர்ந்தவன்.

"உள்தாழ்ப்பாள் போட்டிருந்தார்" என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, "கதவு சாத்தியிருந்தது" என்று இறக்கினேன்.

"அடிச்சுத் திருத்துனா பக்கத்துலயே பெரிய சாரு ஒப்பம் வெக்கணும்னு அந்தம்மா சொன்னாங்களே" என்றாள் செல்லி.

காலையில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்து அவள் ஒருத்திதான் பாடம் கேட்டிருக்கிறாள். நாராயணப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே ஒப்பம் வைத்தார்.

"மடியில் உட்கார வைத்திருந்தார்" என்பது "அருகில் நிறுத்தியிருந்தார்" ஆனது. ஒப்பம்.

"வாயைப் பொத்தியிருந்தார்" என்பது "அமைதி காக்கச் சொன்னார்" ஆனது. ஒப்பம்.

"பிள்ளை அழுதது" என்பதை என்ன செய்வது என்று கொஞ்சம் திணறினோம். "சளிதான் பாய், சளி" என்று கரஸ்பாண்டன்ட் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஜலதோஷம் பிடித்தது. ஒப்பம்.

இப்படியே இறங்கி வந்தோம். பத்தாவதாக, "இது மூன்றாவது தடவை" என்பது "ஒரு முறை" ஆனது. பதினொன்றாவதாக, "டிரில் மாஸ்டர் வெங்கடப்பன்" என்பது "பணியாளர் ஒருவர்" ஆனது.

ஒவ்வொன்றையும் செல்லிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஒரு சொல்லுக்குக்கூட எதிர்ப்பேரம் பேசவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். எதிர்ப்பேரம் பேசாத ஆளிடம் உஷாராக இரு என்று அப்பா சொல்லியிருந்தார். அது சேலைக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

"மஞ்சத் தாள் எனக்குங்களே" என்றாள்.

"குடுத்துருய்யா. அதுலயும் நாம எளுதுனதுதான இருக்குது" என்றார் கரஸ்பாண்டன்ட். குறைவில்லாமல் இருக்கட்டும் என்று தானே பள்ளி முத்திரையையும் குத்திக் கொடுத்தார். அவள் எட்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

நாங்கள் மீதிப் பிரியாணியைச் சாப்பிட்டோம்.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் எங்கள் மூவரையும் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. போனால், வெங்கடப்பன் ஏற்கெனவே உள்ளே சுவரோரமாகக் குந்தியிருந்தார். வெளியே வேப்பமரத்தடியில் அந்தப் பிள்ளையின் அம்மா, நைட் ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனி யூனிபாரத்தோடு நின்றிருந்தாள். அவள் கையைப் பிடித்தபடி செல்லி.

எஸ்.ஐ. மஞ்சள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நாங்கள் எழுதிய சொற்களை அவர் பார்க்கவே இல்லை. ஒற்றைக் கோட்டால் அடித்திருந்த சொற்களைத்தான் ஒவ்வொன்றாக, விரல் வைத்துப் படித்தார். கார்பன் எதையும் விட்டுவைக்கவில்லை.

"பதினோரு எடம். பதினோரு ஒப்பம். கடைசில சீலு" என்றார். "என்னா அடிக்கறோம்னு படிச்சுட்டுத்தான அடிச்சீங்க?"

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். கரஸ்பாண்டன்ட்டும் என்னைப் பார்த்தார்.

"பாய்தாங்க படிச்சுக் காட்டுனாரு" என்றாள் வாசலில் இருந்து செல்லி. "ஒண்ணு விடாம, சத்தமா."